ரோசாலியா: கிதாரைக் கழித்த ஃபிளமெங்கோ

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் இசை பற்றி வரும் கட்டுரைகளைத் தவறாமல் வாசிப்பவன். எனக்கு முறையான இசைப்பயிற்சி கிடையாது. கேட்பதோடு சரி.

என் மகள் மூலமாக ரோசாலியா என்ற ஸ்பானியப் பாடகியைக் கேட்க ஆரம்பித்தேன். முதலில் கேட்டது ஒரு கிதாரும் ஒரு குரலும் மட்டும் உள்ள ஆல்பம். அப்படியே உட்கார வைத்துவிட்டது. அதே பெண்ணின் இன்னொரு ஆல்பத்தைப் போட்டால் கைத்தட்டல், மோட்டார் சைக்கிள் சத்தம், கணினித் தாளம். மூன்றாவதில் குரலையே இயந்திரம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். கடைசியாக வந்ததில் முழு சிம்பனி ஆர்கெஸ்ட்ரா. இவருக்கென்று ஒரு பாணி இருக்கிறதா, இல்லை அந்தந்த வருடம் எது ஓடுகிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறாரா?

என் நண்பர் ஒருவர் இன்னும் கடுமையாகச் சொல்கிறார். ஃபிளமெங்கோ நாடோடி மக்களின் இசை, பார்சிலோனாவில் வசதியாக இசைக்கல்லூரியில் படித்த பெண் அதைத் திருடி விற்கிறாள், பெரிய கம்பெனியின் விளம்பரம் இல்லாவிட்டால் ஓரிரு வருடத்தில் இப்படி உயர முடியுமா என்கிறார். ஒரு பழைய கிதாரையும் ஒரு டிரம் மெஷினையும் சேர்த்துப் போட்டால் கலப்பிசை, இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது அவருடைய வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஏன் தோன்றவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் ஒரே மூச்சில் மூன்று குற்றச்சாட்டுகளைச் சொல்கிறார். திடீர் வளர்ச்சி என்பது ஒன்று, யாரும் செய்யலாம் என்பது ஒன்று, திருட்டு என்பது ஒன்று. முதல் இரண்டும் தவறு. மூன்றாவதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

வளர்ச்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரோசாலியா பிறந்தது 1992 செப்டம்பரில், வளர்ந்தது பார்சிலோனாவை அடுத்த சாந்த் எஸ்தேவே செஸ்ரோவிரெஸ் என்ற ஊரில். தொழிற்சாலைகளும் லாரிகளும் நிறைந்த வட்டாரம். ஃபிளமெங்கோவின் தாய்வீடான, தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியா அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. ஆனால் சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்தில் வேலை தேடி லட்சக்கணக்கான ஆந்தலூசியர்கள் பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவுக்கு வந்தார்கள், அவர்களோடு பாட்டும் வந்தது. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நண்பர்களின் காரிலிருந்து காமரோன் தெ லா இஸ்லாவின் குரலைக் கேட்டதுதான் தொடக்கம் என்று ரோசாலியா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காமரோன் ஃபிளமெங்கோவின் மாபெரும் பாடகர். ரோசாலியா பிறப்பதற்குக் கிட்டத்தட்ட மூன்று மாதங்கள் முன்பு, அதே 1992 ஜூலையில் இறந்தவர். (இந்த இரண்டு தேதிகளை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தற்செயல், அவ்வளவுதான்.)

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பயிற்சி. முதலில் பார்சிலோனாவின் தாயெர் தெ மூசிக்ஸ் என்ற இசைப்பள்ளி. பதினேழு வயதையொட்டி குரல்நாண் கெட்டு, அறுவை சிகிச்சை செய்து, நீண்ட காலம் பாடாமலே இருந்தார். அப்புறம் கட்டலோனிய உயர் இசைக்கல்லூரி. அங்கே ஃபிளமெங்கோ பாட்டுப் பிரிவில் ஆண்டுக்கு ஒரு மாணவரைத்தான் எடுப்பார்கள். ஆசிரியர் சிக்கி தெ லா லீனியா. இடையில் கல்யாண வீடுகளிலும் சின்ன பார்களிலும் பாடிக்கொண்டிருந்தார். 2017இல் முதல் ஆல்பம், நீங்கள் கேட்ட கிதார் ஆல்பம், லோஸ் ஆங்ஹெலெஸ். கிதார் வாசித்தவர் ரவூல் ரெஃப்ரீ. பாட்டுகள் எல்லாம் மரணத்தைப் பற்றியவை. அடுத்த ஆண்டு எல் மால் கெரேர். அதுதான் அவரை உலகத்துக்குக் காட்டியது. அது அவருடைய கல்லூரி இறுதியாண்டுத் திட்டம் என்பது உங்கள் நண்பருக்குத் தெரிந்திருக்காது. பெரிய கம்பெனி வந்து வெளியிட்டது உண்மை. ஆனால் வேலை தொடங்கும்போது கம்பெனி எதுவும் இல்லை. காமரோனைக் கேட்டதற்கும் இந்த ஆல்பத்துக்கும் இடையே பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கடைசி ஆறு மாதம்தான் தெரியும்.

ஃபிளமெங்கோ படிப்பு என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாரும் செய்யலாம் என்ற இரண்டாவது குற்றச்சாட்டுக்கான விடையும் அதுதான்.

ஃபிளமெங்கோவில் பாட்டுகள் பாலோ என்ற குடும்பங்களாகப் பிரிந்திருக்கின்றன. சொலெயா, செகிரியா, புலெரியா, தாங்கோஸ், அலெக்ரியா என்று நீளும் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் அதற்கான தாளம், அதற்கான மெட்டுப் போக்கு, அதற்கான மனநிலை, அதில் பாடத்தக்க சின்னச் சின்னச் செய்யுள்கள் உண்டு. எந்த ஊர் எந்தப் பாடகர் எப்படிப் பாடினார் என்பது வரை பெயர் வைத்துச் சொல்வார்கள். மாணவர் பழைய ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மூச்சு எங்கே எடுத்தார், எங்கே குரலை உடைத்தார் என்பது வரை பிரதி எடுக்க வேண்டும். சொந்தமாகப் பாடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இதன் முதுகெலும்பு கோம்பாஸ் என்கிற தாளச்சுற்று. சொலெயாவையும் புலெரியாவையும் எடுத்துக்கொண்டால் சுற்றுக்கு 12 எண்ணிக்கை. ஆனால் 12ஐச் சமமாகப் பிரிப்பதில்லை. 12, 3, 6, 8, 10 ஆகிய எண்ணிக்கைகளில் அழுத்தம் விழும். அதாவது மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. முதல் பாதி ஆடி அசைந்து வரும், பிற்பாதி முன்னோக்கித் தள்ளும். அதே 12ஐ 8இலிருந்து தொடங்கிப் பிடித்தால் செகிரியா. அழுத்தங்கள் மாறவில்லை, நுழையும் வாசல்தான் மாறியது, ஆனால் பாட்டின் குணமே தலைகீழாகி விடுகிறது. தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இதில் இருக்கும் சுகம் உடனே புரியும். மேசையில் தட்டிப் பாருங்கள்.

இந்தச் சுற்றைத் தாங்குவது பெரும்பாலும் வெறும் கைகள். பால்மாஸ் என்று பெயர். உள்ளங்கைகளைக் குவித்து மந்தமாகத் தட்டுவது ஒன்று, விரல்களால் உள்ளங்கையில் கூர்மையாகத் தட்டுவது இன்னொன்று. ஒருவர் தாளத்தில் தட்ட, அடுத்தவர் அதற்கு இடைவெளியில் தட்டுவார். கூடவே இருப்பவர்கள் பாடகரை உற்சாகப்படுத்திக் கத்துவார்கள், அதற்கு ஹலேயோ என்று பெயர். அதுவும் கண்ட இடத்தில் கத்துவதல்ல. சுற்றில் அதற்கான சந்து வரும்போதுதான்.

சரி, இப்போது மலாமென்தே பாட்டைக் கேளுங்கள். 2018 மே மாதம் வந்தது. நான்கின் கணக்கில் போகிற பாட்டு, அடியில் இருப்பது ஹிப்ஹாப்பின் ஒரு கிளையான ட்ராப் இசையின் ஆழ்ந்த பேஸ். மேலே பால்மாஸ். நடுவில் ரோசாலியா சின்னச் சின்னக் கூவல்களைத் தூவிக்கொண்டே போகிறார். ஹிப்ஹாப் கேட்கிற இளைஞனுக்கு அது ராப் பாடகர்கள் வரிக்கு வரி போடுகிற இடைச்சொல். ஃபிளமெங்கோ கேட்கிற கிழவருக்கு அது ஹலேயோ. இரண்டு பேருமே சரி. இரண்டு இசைகளிலும் ஒரே வேலையைச் செய்கிற உறுப்பு எது என்று தேடிக் கண்டுபிடித்து அந்த இடத்தில் கோத்திருக்கிறார். இரண்டையும் உள்ளிருந்து அறியாதவருக்கு அந்த இடம் கண்ணில் படாது.

ஆட்டோட்யூன் விஷயமும் அப்படித்தான். குரலை இயந்திரமாக்கிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கருவி செய்வது, குரல் எங்கே அலைந்தாலும் பக்கத்தில் இருக்கிற ஸ்வரத்துக்கு இழுத்துவிடுவது. நேராகப் பாடுகிறவர்களிடம் அது வெறும் பளபளப்பு. ஆனால் ஃபிளமெங்கோ குரல் ஒரு அசைக்குள்ளேயே பல ஸ்வரங்களில் வழுக்கிக்கொண்டு போகும், நம் கமகத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அந்த வழுக்கலை இந்தக் கருவிக்குள் விட்டால் அது படிக்கட்டாக வெட்டுப்பட்டு வெளியே வருகிறது. அழுகை அப்படியே இருக்கிறது, அதன் ஓரம் மட்டும் உலோகமாகிவிடுகிறது. எனக்கு எல்லா இடத்திலும் இது பிடிக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் குறையை மறைக்கப் போட்டதல்ல என்பது நிச்சயம். முதல் ஆல்பத்தில் ஒரே ஒரு கிதாரோடு அவர் பாடியதைத்தான் நீங்களே கேட்டிருக்கிறீர்களே.

கிதாரையும் டிரம் மெஷினையும் சேர்த்துப் போட்டால் கலப்பிசை என்கிறார் உங்கள் நண்பர். எல் மால் கெரேரை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். அதில் கிதார் எங்கே? பல பாட்டுகளில் இல்லவே இல்லை, அல்லது பழைய ஒலிப்பதிவிலிருந்து வெட்டிய துண்டாக எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது. ஃபிளமெங்கோ என்றதும் உலகமே நினைக்கிற வாத்தியத்தைத்தான் அவர் முதலில் வெளியேற்றியிருக்கிறார். ஃபிளமெங்கோவைத் தொட்டுக்கொள்கிற பாப் பாட்டுகள் எல்லாம் கிதாரை வைத்துக்கொண்டு தாளத்தையும் குரல் முறையையும் விட்டுவிடும். இவர் தாளத்தையும் குரலையும் வைத்துக்கொண்டு கிதாரை விட்டார். கலக்கும்போது எதைச் சேர்த்தார் என்பதைவிட எதைத் தொடாமல் வைத்தார் என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்று, அந்த ஆல்பம் காலியாக இருக்கிறது. பதினொரு பாட்டு, மொத்தமே அரைமணி நேரம். ஒரு கணத்தில் மூன்று நான்கு ஒலிகளுக்கு மேல் இருக்காது. வழக்கமான ஃப்யூஷன் கச்சேரியில் நாலு நாட்டு வாத்தியங்களும் ஒரே நேரத்தில் வாசிக்கும், கடைசியில் எதுவும் காதில் விழாது. கல்யாணப் பந்தியில் எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே இலையில் பிசைந்து வைத்த மாதிரி. ரோசாலியாவும் அவருடைய கூட்டுத் தயாரிப்பாளர் எல் கின்சோவும் (கனேரித் தீவுக்காரர்) ஒலிகளைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். தெ ஆக்கீ நோ சாலெஸ் பாட்டில் தாள வாத்தியத்தின் இடத்தில் மோட்டார் சைக்கிள் இன்ஜின் உறுமுகிறது, டயர் கிறீச்சிடுகிறது. அந்தப் பாட்டின் விஷயம் குடும்பச் சண்டை, மனைவியை மிரட்டுகிற கணவன். உறுமல் அங்கே அலங்காரமல்ல.

அது எப்படி விஷயமாகிறது என்றால், ஆல்பம் முழுக்க ஒரே கதை. 13ஆம் நூற்றாண்டில், தெற்கு பிரான்ஸின் ஆக்ஸித்தான் மொழியில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய ஃபிளமெங்கா என்ற காவியம் அதன் தூண்டுதல். பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஏமாற வேண்டாம், இசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆர்ஷம்பாவ் என்ற பிரபு சந்தேகம் தலைக்கேறித் தன் மனைவியைக் கோபுரத்தில் பூட்டி வைக்கிறான். கில்லெம் என்ற வீரன் தேவாலயப் பணியாளனாக வேடம் போட்டு, வழிபாட்டின்போது கிடைக்கும் நொடிகளில் அவளிடம் ஒரு வாரத்துக்கு ஒன்றிரண்டு அசைகளாகப் பேசி காதலை வளர்க்கிறான். ரோசாலியா அந்தக் காதலனைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். கணவன், மனைவி, பூட்டிய கதவு, கடைசியில் அவள் வெளியேறுவது, இவ்வளவுதான். பாட்டு ஒவ்வொன்றும் ஒரு அத்தியாயம், சகுனம், கல்யாணம், பொறாமை, சண்டை என்று தலைப்புகளோடு. பக்தாத் என்ற பாட்டில் 2002இல் வந்த ஓர் அமெரிக்க ஆர்&பி பாட்டின் மெட்டு எடுத்தாளப்பட்டிருக்கிறது, கூடவே கட்டலோனியாவின் புகழ்பெற்ற ஓர்ஃபெயோ கட்டலா அமைப்பின் குழந்தைகள் குழு பாடுகிறது. காகிதத்தில் படித்தால் அபத்தமாகத் தெரியும். கேட்டால் பிரார்த்தனை.

விளம்பரம் இல்லை என்று சொல்லவில்லை. மலாமென்தேயின் காணொளி பெரிய வேலை செய்தது. மோட்டார் சைக்கிளைக் காளையாக்கி அடக்குகிற வீரன், புனித வாரத்தின் கூம்புத்தொப்பி அணிந்து ஆணிகள் பதித்த ஸ்கேட்போர்டில் போகிறவன் என்று ஸ்பெயினின் மிகப் பழைய படிமங்களை எடுத்து விளையாடியிருந்தார்கள். அந்த ஆண்டே அந்தப் பாட்டுக்கு இரண்டு லத்தீன் கிராமி. 2019இல் ஆல்பத்துக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற லத்தீன் கிராமி, தனிப் பெண் கலைஞருக்கு அது கிடைத்தது 2006இல் ஷகீராவுக்குப் பிறகு அப்போதுதான். 2022இல் மோட்டோமாமி என்ற மூன்றாவது ஆல்பத்துக்காக அதே விருதை மறுபடி வாங்கினார். விருதுகள் போதும்.

திருட்டு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். உங்கள் நண்பர் நாடோடி மக்கள் என்று சொல்வது ஸ்பெயினின் ஹிதானோக்களை. வடமேற்கு இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்ட ரோமா மக்களின் ஒரு கிளை. 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினை அடைந்தார்கள். (இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபிளமெங்கோவின் ஸ்வரங்கள் ஹனுமத்தோடிக்கும் வகுளாபரணத்துக்கும் இடையே ஊசலாடுவது உண்மைதான், கேட்டவுடன் நமக்கு ரோமம் சிலிர்ப்பதும் உண்மைதான். அதை வைத்துக்கொண்டு எல்லாம் நம்மிடமிருந்து போனது என்று யாராவது ஆரம்பித்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஆந்தலூசியாவில் அரபு, யூத, ஆப்பிரிக்க, உள்ளூர்க் குடியானவப் பாட்டுகள் எல்லாம் கலந்து கிடந்தன.) 1749இல் ஸ்பானிய அரசு ஒரே வீச்சில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஹிதானோக்களைக் கைது செய்து, ஆண்களைப் பெண்களிடமிருந்து பிரித்துக் கட்டாய வேலைக்கு அனுப்பியது. இனமே அற்றுப்போக வேண்டும் என்பது திட்டம். அந்த மக்களின் வீடுகளில்தான் இந்தப் பாட்டின் பெரும்பகுதி வளர்ந்தது. காமரோன் ஹிதானோ. ரோசாலியா அல்ல.

எனவே சில ஹிதானோ எழுத்தாளர்களும் செயல்பாட்டாளர்களும் கோபப்பட்டபோது அதில் நியாயம் இருந்தது. அவருடைய உச்சரிப்பில் ஆந்தலூசிய வாடை, மலாமென்தேயில் கடவுளுக்கு ஹிதானோக்களின் காலோ மொழிச் சொல், காணொளிகளில் அவர்களுடைய நகைகளும் நகங்களும். ஓர் ஹிதானோப் பெண் அதே நகைகளோடு கடைக்குள் போனால் காவலாளி பின்னாலேயே வருவார், ரோசாலியா போட்டால் அட்டைப்படம் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். கலைஞர் எவ்வளவு திறமைசாலி என்பது இதற்குப் பதிலாகாது. 2019இல் கொலம்பியப் பாடகர் ஜே பால்வினோடு பாடிய கோன் அல்தூரா பாட்டுக்கு அமெரிக்காவின் எம்டிவி விருதுகளில் சிறந்த லத்தீன் என்று பரிசு கொடுத்தபோது லத்தீன் அமெரிக்கர்களும் இதையே வேறு விதமாகக் கேட்டார்கள், ஆண்ட நாட்டுக்காரி எப்படி எங்கள் பிரிவில் வந்தாள் என்று. (பாட்டும் சுமார்தான் என்பது என் அபிப்பிராயம். நல்ல குத்துப்பாட்டு, அதில் ரோசாலியா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.)

ஆனால் யார் பாடலாம் என்ற கேள்வியும், யாருக்குப் பணமும் மேடையும் போகிறது என்ற கேள்வியும் வேறு வேறு. இரண்டாவதில் நான் ஹிதானோக்கள் பக்கம். இசை நிறுவனங்களும் விருதுக் குழுக்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. முதல் கேள்வியில் நான் ரோசாலியா பக்கம். அவர் கற்றது சுற்றுலாப் பயணியாக அல்ல, ஒரு ஆசிரியரிடம் வருடக்கணக்கில் உட்கார்ந்து. யாரிடமிருந்து எடுத்தார் என்பதை மறைப்பதும் இல்லை. கே நோ சால்கா லா லூனா பாட்டில் ஹெரெஸ் ஊரின் பெரும் பாடகி லா பக்கேராவின் பழைய ஒலிப்பதிவே அடித்தளமாக இருக்கிறது. கட்டலோனியாவுக்கு ஃபிளமெங்கோ அந்நியம் என்பதும் சரியல்ல. உலகத்தையே ஆட்டிவைத்த ஹிதானா நடனக்காரி கார்மென் அமயா பார்சிலோனாவின் கடற்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்தவர்தான்.

அப்புறம், சுத்தமான ஃபிளமெங்கோ எது என்று யார் சொல்வது? 1922இல் இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் இளைஞராக இருந்த கவிஞர் லோர்காவும் கிரனாதாவின் அல்ஹம்ப்ராவில் ஒரு பாட்டுப்போட்டி நடத்தினார்கள். காப்பிக் கடை மேடைகளில் பாடிப் பாடி இந்த இசை கெட்டுவிட்டது, சுத்தத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது நோக்கம். தொழில்முறைப் பாடகர்களுக்கு இடமில்லை. அதில் பரிசு வாங்கியவர்களில் ஒரு சிறுவன், மனோலோ கரக்கோல், ஹிதானோ குடும்பத்துப் பையன். சுத்தத்தின் வாரிசு என்று நினைத்திருப்பார்கள். வளர்ந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? பியானோவோடும் ஆர்கெஸ்ட்ராவோடும் பாடினார், நாடே பித்துப்பிடித்துக் கேட்டது. இன்று எந்த ஃபிளமெங்கோ மேடையிலும் இருக்கிற கஹோன் என்கிற மரப்பெட்டி வாத்தியம், பரம்பரை பரம்பரையாக இருந்தது போல் தோன்றுகிறதே, அது பெருவிலிருந்து கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியா எடுத்து வந்தது, 1970களின் பிற்பகுதியில்தான். போய்த் திரும்பிய பாட்டுகள் என்றே ஒரு குடும்பம் உண்டு. ஸ்பெயினிலிருந்து கப்பலேறிக் கியூபாவுக்குப் போய் அங்கே ஊறிவிட்டு வந்தவை.

காமரோன் கதை இன்னும் சுவாரசியம். 1979இல் அவர் லா லெயெந்தா தெல் தியெம்போ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். லோர்காவின் கவிதைகள், மின்சார பேஸ், டிரம்ஸ், ஒரு தாலாட்டில் சிதார். விற்கவே இல்லை. இது காமரோனே அல்ல என்று வாங்கியவர்கள் கடையில் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. இன்று அதுதான் ஃபிளமெங்கோவின் திருப்புமுனை என்று எல்லா வரலாறுகளும் எழுதுகின்றன. 2010இல் யுனெஸ்கோ ஃபிளமெங்கோவை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தபோது அந்தச் செல்வத்துக்குள் இந்தக் கலப்புகள் எல்லாமே அடங்கியிருந்தன. கலந்ததால் ரோசாலியா துரோகி என்றால் வரிசையில் முன்னால் நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரே பாணி இருக்கிறதா? முதல் ஆல்பத்தையும் 2022இன் மோட்டோமாமியையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு பேர் என்றுதான் தோன்றும். மோட்டோமாமி சமமான ஆல்பம் அல்ல. ரெகேடோன், பச்சாத்தா போன்ற கரீபிய நடன இசைகள், பழைய கியூப பொலேரோ என்கிற காதல் பாட்டு, மெல்லிய பியானோப் பாட்டு என்று தாவிக்கொண்டே இருக்கும். சில பாட்டுகள் முடிக்காமல் விட்ட குறிப்புகள் மாதிரி இருக்கின்றன. ஆனால் அதன் முதல் பாட்டு சாவோகோவைக் கவனியுங்கள். சிதைத்து அரைத்த ரெகேடோன் தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு ஜாஸ் பியானோ உள்ளே நுழைந்துவிட்டுப் போகிறது. பாட்டின் பொருளே உருமாற்றம், நான் மாறிக்கொண்டே இருப்பேன் என்பது. அதே ஆல்பத்தில் புலெரியாஸ் என்ற பெயரிலேயே ஒரு புலெரியா இருக்கிறது. நான் மேலே சொன்ன 12 எண்ணிக்கை, பால்மாஸ், பழைய முறை. அதில் அவர் பாடுவது தன்னைத் திட்டியவர்களுக்கான பதில். விலையுயர்ந்த விளையாட்டு உடுப்பு போட்டிருந்தாலும் நான் பாடகிதான் என்கிறார். ரெகேடோன் ஆல்பத்தின் நடுவில் உட்கார்ந்து இலக்கணம் பிசகாமல் பாடிக் காட்டுகிறார்.

2025 நவம்பரில் வந்த லூக்ஸ் நேர் எதிர்த் திசை. லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா, நான்கு பகுதிகள், பத்துக்கும் மேற்பட்ட மொழிகள், பல நாட்டுப் பெண் துறவிகளின் வாழ்க்கையிலிருந்து எடுத்த பாட்டுகள். அந்த வருடம் எது ஓடுகிறதோ அதைப் பிடிக்கிறார் என்ற சந்தேகத்துக்கு இந்த ஆல்பமே போதுமான மறுப்பு. எந்தச் சந்தையும் அப்போது லத்தீன் மொழியில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆனால் ஆர்கெஸ்ட்ரா எவ்வளவு பொங்கினாலும் அந்தக் குரல் ஒரு அசையைப் பிடித்து இழுத்து, நடுங்கி, கடைசியில் உடைத்து விடுகிற முறை லோஸ் ஆங்ஹெலெஸில் இருந்ததுதான். உடை மாறுகிறது, இழுப்பு மாறவில்லை. அவருடைய பாணி எது என்று கேட்டால் நான் அந்த இழுப்பைத்தான் சொல்வேன். என் காதுக்கு லூக்ஸ் சில இடங்களில் கனம் அதிகம், எல் மால் கெரேரின் காலியிடம் இதில் இல்லை. அதுதான் இன்றும் எனக்கு அவருடைய உச்சம்.

நீங்கள் முறையான பயிற்சி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தேவையில்லை. ஆனால் வரிசை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். மோட்டோமாமியின் புலெரியாஸ் பாட்டை முதலில் போட்டு, கையால் 12 எண்ணுங்கள். முதல் நாள் தப்பும், பரவாயில்லை. பிடிபட்டதும் கே நோ சால்கா லா லூனா. அங்கே அதே சுற்று கணினி வழியாக வருகிறது. அப்புறம் மலாமென்தே, நான்கின் கணக்கில் கைத்தட்டல் என்ன செய்கிறது என்று பார்க்க. உங்கள் மகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவளையே எண்ணச் சொல்லுங்கள்.

நண்பருக்குக் காமரோனின் 1979 ஆல்பத்தை அனுப்பி வையுங்கள், யார் பாடியது என்று சொல்லாமல். அதையும் கலப்படம் என்று தள்ளினால் அவர் குறைந்தபட்சம் ஒரே கொள்கையில் நிற்கிறார் என்று மதிப்பேன். பிடித்திருக்கிறது என்றால் ரோசாலியாவிடம் அவருக்கு இருக்கும் பிரச்சினை கலப்பு அல்ல, வேறு எதுவோ. அதை எழுதச் சொல்லுங்கள், பேசுவோம்.

அன்புடன்